சயானில் தங்கி வேலைக்குப் போறீங்களா? விலை குறைந்த செயற்கை இழை ஷேவிங் பிரஷ் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

காலையில் சயான் ஸ்டேஷனில் லோக்கல் பிடிக்கணும். அதுக்கு முன்னாடி குளியல், ஷேவிங், டிபன். இந்த அவசரத்தில் பலரும் கிரீமை விரலால் தேய்த்துவிட்டு அப்படியே ரேஸரை இழுத்துவிடுகிறார்கள். கழுத்தில் எரிச்சலும் சிவப்புப் புள்ளிகளும் வந்தால் பிளேடை மாற்றுவோம், கிரீமை மாற்றுவோம். ஆனால் பிரஷைப் பற்றி யோசிக்க மாட்டோம்.

சில நூறு ரூபாய் செலவில் தீரக்கூடிய விஷயம் இது. எதைப் பார்த்து வாங்கணும் என்பதைத் தெரிந்துகொள்வோம்.

பிரஷ் என்ன செய்கிறது?

தாடி முடி தண்ணீரில் ஊறினால் மென்மையாகும், வெட்டுவதும் சுலபம். பிரஷ் மூன்று வேலை செய்கிறது: தண்ணீரையும் கிரீமையும் கலந்து நுரையாக்குகிறது, அந்த நுரையை முடியின் அடிவரை கொண்டு போகிறது, தோலோடு படிந்து கிடக்கும் முடியை நிமிர்த்துகிறது. ரேஸர் ஒரே இடத்தில் பலமுறை ஓட வேண்டிய தேவை குறைகிறது. எரிச்சல் குறைவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

விலங்கு முடியா, செயற்கை இழையா?

பழைய பிரஷ்கள் பன்றி, குதிரை, பேட்ஜர் போன்ற விலங்குகளின் முடியில் செய்யப்பட்டவை. பேக்கெட்டில் 'ப்யூர் பிரிஸ்டில்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது பன்றி முடி. மத நம்பிக்கை காரணமாகவோ, சைவம் என்பதாலோ அதைத் தவிர்க்க நினைப்பவர்கள் இந்தச் சொல்லைக் கவனிக்கணும். தாராவியிலும் மாட்டுங்காவிலும் இது சின்ன விஷயமில்லை.

விலங்கு முடிக்கு ஒரு கறுப்புச் சரித்திரமும் உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில், சரியாகச் சுத்தம் செய்யப்படாத குதிரை முடி பிரஷ்கள் மூலம் பிரிட்டன், அமெரிக்க சிப்பாய்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆந்த்ராக்ஸ் தொற்று பரவியது. 1920-ல் ஜப்பான் ஷேவிங் பிரஷ்களின் இறக்குமதிக்கே பிரிட்டன் தடை போட்டது. இன்று சுத்திகரித்து விற்கப்படும் புது பிரஷ்களில் அந்தப் பயம் தேவையில்லை. ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரியாத பழைய முடி பிரஷை வாங்கிப் பயன்படுத்த வேண்டாம்.

1938-ல் டூபாண்ட் நிறுவனத்தின் நைலான் இழை டூத் பிரஷில் வந்தது. ஆரம்பகால நைலான் ஷேவிங் பிரஷ்கள் முரடாக இருந்தன, தண்ணீரும் பிடிக்கவில்லை. இப்போதைய இழைகள் மெல்லியவை, நுனி கூராகச் செதுக்கப்பட்டவை. 'செயற்கை என்றாலே குத்தும்' என்ற பேச்சு அந்தப் பழைய பிரஷ்களோடு போய்விட்டது.

மும்பைக்கு ஏன் செயற்கை இழை?

முதல் காரணம், மழைக்காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை துண்டே காயாத ஊரில், ஜன்னல் இல்லாத பாத்ரூமில் விலங்கு முடி பிரஷ் நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும். நாற்றமும் பூஞ்சையும் வரும். செயற்கை இழை தண்ணீரை உள்ளே உறிஞ்சாது, சீக்கிரம் காயும்.

இரண்டாவது, தண்ணீர். விலங்கு முடியைச் சில நிமிடங்கள் ஊற வைக்கணும். செயற்கை இழையை நனைத்தாலே போதும். குழாயில் தண்ணீர் சில மணி நேரம் மட்டுமே வரும் வீடுகளில் இது வசதி.

சென்னையிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொரு செய்தி. மும்பை மாநகராட்சி தரும் ஏரித் தண்ணீர் மென்மையானது, நுரை சுலபமாக வரும். உங்கள் கட்டடத்தில் டேங்கர் அல்லது போர் தண்ணி என்றால் கிரீம் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். அதற்குப் பிரஷைக் குறை சொல்ல முடியாது.

கடையில் கையால் செய்யும் 5 சோதனைகள்

1. நுனியை உள்ளங்கையிலும் கழுத்திலும் தடவிப் பாருங்க. குத்தினால் வேண்டாம். ஈரமானாலும் அந்தக் குத்தல் பெரிதாக மாறாது.

2. உள்ளங்கையில் மெதுவாக அழுத்தி விடுங்க. இழை வளைந்து விரியணும், விட்டதும் பழைய வடிவத்துக்கு வரணும். வளையவே இல்லை என்றால் முரடு. மடிந்தே கிடந்தால் தொய்வு.

3. அடர்த்தியைப் பாருங்க. விரலால் நடுவில் பிரித்தால் அடியில் பசை பளிச்சென்று தெரிந்தால், இழை குறைவு என்று அர்த்தம்.

4. மெதுவாக இழுத்துப் பாருங்க. ஒன்றிரண்டு இழை வரலாம். கொத்தாக வந்தால் பசை சரியில்லை.

5. அளவு. இழைக்கட்டின் அடி விட்டம் 22 முதல் 24 மி.மீ. இருந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சரி. கைப்பிடி ஈரக்கையில் வழுக்கக் கூடாது.

கறுப்பு வெள்ளைப் பட்டையைப் பார்த்து ஏமாற வேண்டாம். பேட்ஜர் முடி மாதிரி தெரிவதற்காகப் போட்ட சாயம் அது. சாயத்தால் நுரை கூடாது. கைப்பிடியின் கனம், உலோகப் பளபளப்பு எல்லாம் விலையைத்தான் ஏற்றும்.

எங்கே வாங்கலாம்?

தொட்டுப் பார்க்க முடிகிற கடைதான் நல்லது. சயான், மாட்டுங்கா, செம்பூர் மார்க்கெட் கடைகளில் பாருங்க. கூடுதல் வகைகள் வேணும்னா சி.எஸ்.எம்.டி. போய் கிராஃபோர்ட் மார்க்கெட் பக்கம் ஒரு சுற்று சுற்றலாம். பேக்கெட்டில் எம்.ஆர்.பி., தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி இருக்கணும், இது சட்டம். எம்.ஆர்.பி.-க்கு மேல் கேட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

இன்னொரு நல்ல சேதி: 2025 செப்டம்பர் 22 முதல் ஷேவிங் கிரீமுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

நீண்ட நாள் உழைக்க

முதல் நாள் ஷாம்பு போட்டு ஒருமுறை கழுவுங்க. கொதிக்கும் தண்ணீரில் முக்காதீங்க, இழையும் பசையும் கெடும். ஒரு பாதாம் அளவு கிரீம் போதும். பிரஷை அடிவரை நசுக்காமல் வட்டமாகச் சுற்றுங்க. முடிந்ததும் சோப்பு முழுக்கப் போகும்வரை அலசி, உதறி, காற்றுப் படுகிற இடத்தில் வைங்க. மூடிய டப்பாவில் ஈரத்தோடு போடாதீங்க.

பி.ஜி.-யில் இருப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். ரேஸரைப் போலவே பிரஷும் ஒருவருக்கு ஒன்றுதான். ஒருவர் முகத்துப் பூஞ்சைத் தொற்றோ சீழ்க்கட்டியோ இன்னொருவருக்கு வர இது போதும். நண்பருக்கும் வேணும்னா, அவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்க.

நல்ல பிரஷுக்கு மாறியும் புள்ளிகள் சில வாரங்களில் குறையவில்லை என்றால், அடுத்த பிரஷைத் தேடாமல் தோல் மருத்துவரைப் பாருங்க.