லின்ட் காவல் காத்த எல்லை

இன்னைக்கு லின்ட் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, அரைப்புள்ளி விட்டுப்போச்சு, மேற்கோள் குறி மாறிப்போச்சு என்று சிவப்புக் கோடு போடும் கருவி. அது பிறந்தபோது பார்த்த முக்கியமான வேலை வேறு. மோனோரெப்போவில் பல பேக்கேஜ்களுக்கு விதி எழுதுகிறவர்களுக்கு அந்தப் பழைய கதை உதவும்.

1978-ல் பெல் லேப்ஸில் ஸ்டீபன் ஜான்சன் லின்ட்டை எழுதினார். துணியில் ஒட்டும் பஞ்சுப் பிசிறுக்கான சொல் அது. அந்தக் கால சி கம்பைலர் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகத்தான் பார்க்கும். ஒரு கோப்பில் 2 ஆர்குமென்ட் வாங்கும் ஃபங்ஷனை இன்னொரு கோப்பு 3 கொடுத்து அழைத்தாலும் கம்பைலர் கண்டுக்காது. லின்ட் எல்லாக் கோப்புகளையும் ஒன்றாக வைத்துப் பொருத்திப் பார்த்தது. கோப்புக்கும் கோப்புக்கும் இடையிலான எல்லையைக் காப்பதில்தான் அதன் பலம் இருந்தது.

1989-ல் ஆன்சி சி தரம் வந்தது, கூடவே ஃபங்ஷன் புரோட்டோடைப்பும். அந்தச் சரிபார்ப்பில் பெரும்பகுதி கம்பைலருக்கே போயிற்று.

ஜாவாஸ்கிரிப்ட் உலகில் 2002-ல் டக்ளஸ் கிராக்ஃபோர்டின் ஜேஎஸ்லின்ட், 2013-ல் நிக்கோலஸ் சாக்காஸின் இஎஸ்லின்ட். இஎஸ்லின்ட்டின் அடிப்படை விதிகள் ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் பார்க்கும். எல்லைக் காவல் பின்னால் போய்விட்டது.

பிறகு பேபல் திட்டத்துக்காக லெர்னா, 2017-ல் யார்ன் வொர்க்ஸ்பேஸ், 2020-ல் என்பிஎம் 7 என்று மோனோரெப்போ வசதிகள் வந்தன. பல பேக்கேஜ்களுக்குப் பொதுவானதை ரூட் ஃபோல்டருக்கு ஏற்றிவைப்பது யார்ன், என்பிஎம் வொர்க்ஸ்பேஸ்களின் வழக்கம். நோட் ஒரு மாட்யூலைத் தேடும்போது ஃபோல்டர் ஃபோல்டராக மேலே ஏறும். விளைவு என்ன? பக்கத்து பேக்கேஜ் கேட்டு வாங்கிய லோடாஷை, பட்டியலில் எழுதாத நம்ம பேக்கேஜும் எடுத்துக்கொள்ளும். வீட்டுக்குள் எல்லாம் ஓடும். வெளியிட்ட பிறகு, அதை நிறுவிய யாரோ ஒருவரிடம் 'மாட்யூல் கிடைக்கவில்லை' என்று உடையும்.

லின்ட் அமைப்புக்கும் இதே ஏறும் பழக்கம் இருந்தது. பழைய இஎஸ்லின்ட்ஆர்சி கோப்புகள் மேலே மேலே போய் ஒன்றோடொன்று சேரும். 'ரூட்: ட்ரூ' என்று எழுதினால்தான் நிற்கும். ஒரு கோப்புக்கு எந்த விதி பொருந்துகிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. 2024-ல் வந்த 9-ஆம் பதிப்பில் இயல்புநிலையாக ஆன ஃப்ளாட் கான்ஃபிக், இந்தச் சேர்மானத்தை நிறுத்தியது. எந்த ஃபோல்டருக்கு எந்த விதி என்பதை ஒரே கோப்பில் வரிசையாக எழுதிவிடுகிறோம்.

பட்டியலில் இல்லாத பேக்கேஜைப் பிடிக்கவும் ஒரு லின்ட் விதி வந்தது, இம்போர்ட் பிளகின் வழியாக. பிஎன்பிஎம் இன்னொரு படி போனது: ஒவ்வொரு பேக்கேஜுக்கும் அது கேட்டதை மட்டுமே லிங்க் செய்து வைக்கிறது. எழுதாததை எடுக்கப் போனால் அங்கேயே உடையும். ஆனாலும் ரூட்டின் பட்டியலில் போட்டு வைத்தது ஏறிப்போனால் இன்னும் கிடைக்கும். அதனால் ரூட்டை மெலிசாக வைப்பது நல்லது.

1978 முதல் 1989 வரை சி மொழியில் நடந்ததுதான் இங்கேயும் நடந்திருக்கிறது. முதலில் லின்ட் சந்தேகப்படுகிறது. பிறகு அந்தச் சந்தேகம் அமைப்பின் விதியாகவே ஆகிவிடுகிறது. உங்க ரெப்போவில் ஒரே எல்லை மீறலை லின்ட் வருஷக்கணக்காகப் பிடித்துக்கொண்டிருந்தால், அந்தக் காவலை ஒரு படி கீழே இறக்க முடியுமா என்று பாருங்க.