சபராளியின் முதுமை

'ஸஃபர்' என்னும் அரபுச் சொல்லுக்குப் பயணம் என்பது பொருள். அதன் வேர்ச்சொல்லுக்குத் திரை விலக்குதல் என்ற பொருளும் உண்டு. மனிதரின் இயல்பைத் திறந்து காட்டுவதால் பயணம் அப்பெயர் பெற்றது என்று மொழியறிஞர் விளக்குவர். நம் கீழ்த்தஞ்சை மக்கள் இச்சொல்லைத் தமக்கே உரியதாக்கிக்கொண்டனர். கடல் கடந்து பொருளீட்டச் செல்வது 'சபர்', செல்பவர் 'சபராளி'. திருவாரூரைச் சூழ்ந்த கூத்தாநல்லூர், பொதக்குடி, அடியக்கமங்கலம் முதலிய ஊர்களில் சபராளி இல்லாத குடும்பம் அரிது.

சபராளியின் உழைப்பைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அவர் தம் முதுமையை எங்கே, எவ்வாறு கழித்தார் என்பதையே ஈண்டு எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

1786ஆம் ஆண்டில் பினாங்குத் தீவு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1801இல் அங்கே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்தது. 1828 முதல் 1830 வரை சிங்கப்பூரில் நாகூர் தர்கா கட்டப்பட்டது. சென்ற இடத்தில் இறையில்லமும் ஊர் நினைவும் அமைத்துக்கொண்ட அம்மக்களிற் பலர், முதுமைக்கு மட்டும் பிறந்த ஊரையே நம்பியிருந்தனர். கடை அங்கே; மனைவி மக்கள் இங்கே. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து போவதும், தாடி நரைத்ததும் கடையை மகனிடமோ மருமகனிடமோ ஒப்படைத்துவிட்டு ஊர் வந்து சேர்வதுமே அக்கால ஏற்பாடு. 1926இல் கட்டப்பெற்ற 'ரஜூலா' கப்பல் 1973 வரையிலும், பின்னர் 'சிதம்பரம்' கப்பல் 1985இல் தீப்பிடிக்கும் வரையிலும் நாகப்பட்டினத்தையும் பினாங்கையும் இணைத்து இவர்களைச் சுமந்தன.

இவ்வேற்பாட்டைக் குலைத்தவை போரும் சட்டங்களுமே. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பால் பர்மாவிலிருந்து மக்கள் கால்நடையாகத் திரும்பினர். 1964இல் அந்நாட்டில் கடைகள் அரசுடைமையாக்கப்பட்டபோது, முதுமைக்கென்று சேர்த்ததையும் இழந்து பலர் வந்தனர். மலாயாவில் 1953இல் நடைமுறைக்கு வந்த குடியேற்றச் சட்டம் விரும்பியபடி வந்து போகும் வழியை அடைத்தது. 1957இல் அந்நாடு விடுதலை பெற்றபின், குடியுரிமை எது என்ற கேள்வி எழுந்தது. இந்தியாவின் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமோ இரட்டைக் குடியுரிமைக்கு இடமளிக்கவில்லை. 1969 முதல் குடியுரிமை பெறாதோர் அங்கே தொழில் செய்வதற்கு அனுமதிச் சீட்டும் வேண்டியதாயிற்று. கடையா, பிறந்த ஊரா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டிய நிலை வந்தது. சிலர் திரும்பினர்; சிலர் குடும்பத்தை அழைத்துக்கொண்டு அங்கேயே நிலைத்தனர்.

அவ்வாறு நிலைத்த ஒருவரை, கப்பல் நின்றுபோன சில ஆண்டுகளுக்குப் பின், மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில் கண்டேன். பினாங்கிலிருந்து வந்திருந்த அம்முதியவர் எங்கள் உஸ்தாதின் அருகில் வந்து அமர்ந்தார்.

"ஹஜ்ரத், பத்து நாள் தங்குவதாக வந்திருக்கிறேன். தனியே தொழும்போது முழுமையாகத் தொழ வேண்டுமா, கஸ்ரு செய்ய வேண்டுமா?"

"வீட்டார் எங்கே இருக்கிறார்கள்?"

"எல்லாரும் பினாங்கில்தான்."

"இங்கே திரும்பி வந்து குடியிருக்கும் எண்ணம் உண்டா?"

முதியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இல்லை, ஹஜ்ரத்" என்றார்.

"அப்படியானால் கஸ்ரு செய்யுங்கள்."

பிறந்த ஊரிலேயே தாம் ஒரு பயணி என்று கேட்ட அவருடைய கண்கள் கலங்கின.

ஹனஃபி சட்ட நூல்கள் ஊரை 'வதன் அஸ்லீ' என்றும் 'வதன் இகாமத்' என்றும் பிரிக்கும். முன்னது பிறந்து வாழும் ஊர், அல்லது குடும்பத்தோடு நிலையாகக் குடியேறிய ஊர். பின்னது பதினைந்து நாளோ அதற்கு மேலோ தங்க எண்ணிய இடம். பழைய ஊரை விட்டொழித்துக் குடும்பத்தோடு வேறோர் ஊரில் நிலைத்தவருக்குப் பழையது வதன் அஸ்லீ ஆகாது. ஊரைத் தீர்மானிப்பதில் குடும்பத்திற்கும் உறுதியான எண்ணத்திற்கும் நம் முன்னோர் தந்த இடம் நோக்கத்தக்கது.

திரும்பி வந்தோரின் நிலையும் எளிதன்று. நாற்பது ஆண்டுகளில் சில ஆண்டுகளே வீட்டிலிருந்தவர், தம் மக்களுக்கே விருந்தாளியாகத் தோன்றினார். அத்தனை காலம் குடும்பத்தைத் தனியே நடத்திய மனைவிக்கு, திண்ணையில் அமர்ந்து ஆணையிடும் கணவர் புதியவர். ஈட்டியதை நஞ்செயில் போட்டவர்களோ, மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு எட்டாத ஆண்டுகளில், நிலம் ஓய்வூதியம் ஆகாது என்று கற்றனர். ஆயினும் பள்ளிவாசல் கணக்கை எழுதவும், பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கவும், குளம் தூர்வாருவதை முன்னின்று நடத்தவும் முனைந்த முதியோரையும் நான் கண்டிருக்கிறேன். ஊர் அவர்களை மீண்டும் தன்னவராக ஏற்றுக்கொண்டது.

இன்று காட்சி மாறிவிட்டது. அன்று கதவை அடைத்த மலேசியா, 1996இல் 'வெள்ளிமுடி'த் திட்டத்தையும், 2002இல் 'மலேசியா என் இரண்டாம் இல்லம்' என்னும் திட்டத்தையும் வகுத்து, வங்கியில் வைப்புத்தொகை செலுத்த வல்ல அயல்நாட்டாரை வரவேற்கிறது. ஐக்கிய அரபு அமீரகமும் ஐம்பத்தைந்து வயது கடந்த வசதியுள்ளோர்க்கு ஐந்தாண்டு இசைவு தருகிறது. ஆனால் அங்கே கூலிக்கு உழைத்தவரின் தங்கும் உரிமை வேலையோடு முடிவதே வழக்கம். இந்தியாவில் 2005 முதல் கடல்கடந்த இந்தியர் அட்டை உண்டு. அதை உடையவர் இங்கு வாழலாம். விளைநிலம் வாங்க இயலாது, வாக்கும் இல்லை.

பெற்றோரைப் பேணுமாறு மக்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் சிங்கப்பூரில் 1995இலும், இந்தியாவில் 2007இலும் வந்தது. சட்டம் பணத்தை வாங்கித் தரும். அருகில் அமர்ந்து பேசும் ஆளைத் தராது.

எனவே, ஓய்வை நெருங்கும் நம் சபராளிகள், வீட்டுக்கு மனை பார்க்குமுன் மூன்றை ஆராய்தல் நலம். உடனிருப்போர் யார்? காலையில் எழுந்து செய்யும் பணி எது? தங்கும் உரிமை எத்தனை ஆண்டு? இவற்றிற்கு மனைவியோடும் மக்களோடும் அமர்ந்து, உடலில் வலுவிருக்கும்போதே விடை காணவேண்டும். அம்முதியவர் உஸ்தாதிடம் கேட்ட கேள்வியை, நாற்பது வயதில் தம் வீட்டாரிடம் கேட்டிருப்பாராயின், அன்று அவர் கண் கலங்கியிராது.