வெனிஸிலிருந்து பதுவைக்கு: ஒரு நாட்பயணத்தின் வரலாறு



கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திற்குச் செவ்வாய்க்கிழமைதோறும் செல்வோருள் கிறித்தவர் மட்டுமல்லர், இந்துக்களும் பௌத்தரும் உளர். அப்புனிதரைப் பதுவை அந்தோனியார் என அழைப்பது நம் மரபு. ஆயினும் அந்தப் பதுவை எங்கேயுள்ளது என வினவினால் விடை கூறுவோர் மிகச் சிலரே. வட இத்தாலியில், உலகப் பயணிகளெல்லாம் சென்று குவியும் வெனிஸ் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில், இத்தாலியர் பாதொவா என வழங்கும் நகரே அது. லிஸ்பன் நகரிற் பிறந்த அந்தோனியார், 1231ஆம் ஆண்டில் இந்நகரின் புறத்தே உயிர்நீத்தார். வெனிஸிலே காலையிற் புகையிரதம் ஏறுபவர் அரை மணித்தியாலத்திற் பதுவையில் இறங்கலாம்; ஊரைச் சுற்றிப் பார்த்து மாலையில் மீளலாம். இப்பயணம் இத்துணை எளிதானது எவ்வாறு என்பதையே இன்று கூற எண்ணுகிறேன்.

வெனிஸ், கடற்கழியின் நடுவே தீவுகளின் மீது எழுந்த நகர். 1405ஆம் ஆண்டிற் பதுவையை வென்று, 1797 வரை அதனை ஆண்டது. எனினும் தீவு நகரை அடைய நீரன்றி வேறு வழியில்லை. பதுவைப் பல்கலைக்கழகத்தில் 1592 முதல் 1610 வரை கற்பித்த கலிலியோ, தம் தொலைநோக்கியை வெனிஸ் ஆட்சியாளருக்குக் காட்ட 1609இற் சென்றபோது, அவரும் கழியைப் படகிலேயே கடக்க வேண்டியிருந்தது. பயணிகளுக்கென்று புர்க்கியெல்லோ என்னும் கூடாரப் படகு ஓடிற்று. பிரெந்தா வாய்க்காலிற் கரையில் நடக்கும் குதிரைகள் அதனைக் கயிற்றால் இழுத்துச் செல்லும். கழியிலோ துடுப்பும் பாயும் துணை. பயணத்திற்கு ஒரு பகல் முழுவதும் பிடிக்கும். ஜேர்மன் மகாகவி கோதே 1786ஆம் ஆண்டு செப்ரெம்பர் 28ஆந் திகதி பதுவையிலிருந்து வெனிஸ் சேர்ந்தது இப்படகு வழியேதான். இரு கரையிலும் வெனிஸ் செல்வர்களின் கோடைமாளிகைகள் நிரல்நிரலாக நின்றன; சிற்பி பல்லாதியோ அமைத்த மாளிகையும் அவற்றுள் ஒன்று. காட்சிக்கு இனிய பயணந்தான். ஆனால், காலையிற் போய் மாலையில் மீளுதல் என்ற எண்ணத்திற்கே அங்கு இடமில்லை.

வெனிஸ் ஒஸ்திரியரின் ஆட்சியில் இருந்த காலத்திலேதான் இந்நிலை மாறியது. 1842ஆம் ஆண்டு டிசெம்பரிற் பதுவையிலிருந்து கழியின் விளிம்புவரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1846 ஜனவரியில், 222 வளைவுகள் தாங்க, மூன்றரைக் கிலோமீற்றருக்கும் சற்று நீண்ட பாலமொன்று கழியைக் கடந்து வெனிஸை எட்டியது. தீவு தீவாகவே இருந்தாலன்றி வெனிஸ் வெனிஸாகாது என்று வாதித்தோர் பலர். 1845இல் அங்கு வந்த ஆங்கில எழுத்தாளர் ரஸ்கின், எழுந்துகொண்டிருந்த பாலத்தைக் கண்டு மனம் நொந்தார். அவருடைய துயரில் உண்மை உண்டு; ஆயினும் வந்து போகிறவரின் தன்னலமும் அதிற் சிறிது கலந்திருந்ததென்றே எனக்குத் தோன்றுகிறது. தங்கள் கடல் வாணிகம் திரியெஸ்தே துறைமுகத்திற்குப் போய்க்கொண்டிருப்பதைக் கண்ட ஊரவர்க்கு, மிலான் சந்தையுடன் இணைக்கும் பாதை வாழ்வா சாவா என்ற வினாவாக இருந்தது. சுற்றுலாவை எண்ணி அப்பாலத்தை எவரும் கட்டவில்லை.

நான்காண்டு செல்லுமுன் அவ்வூரவரே அதனைத் தகர்க்க நேர்ந்தது. 1848 மார்ச்சில் தானியேலே மனின் தலைமையில் வெனிஸ் மக்கள் ஒஸ்திரியரை வெளியேற்றிக் குடியரசு நிறுவினர். மறு ஆண்டு முற்றுகை இறுகியபோது, பகைவர் பாலத்தின் வழியே புகாதவாறு சில வளைவுகளை வெடிவைத்து வீழ்த்தி, எஞ்சிய பகுதியிற் பீரங்கிகளை நிறுத்தினர். பசியும் வாந்திபேதியும் வாட்ட, ஓகஸ்ற்று மாதத்திற் குடியரசு பணிந்தது. வென்றவர் பாலத்தைச் செப்பனிட்டனர். புகையிரதம் மீண்டும் ஓடியது. 1866இல் வெனிஸ் இத்தாலியோடு இணைந்தது.

பதுவைக்கும் இருப்புப்பாதை ஆக்கத்தோடு அழிவையும் கொணர்ந்தது. புகையிரத நிலையத்திலிருந்து சிறிது நேரம் நடந்தால், ஜியோத்தோ 1305ஆம் ஆண்டளவில் ஓவியம் தீட்டி முடித்த ஸ்க்ரொவெஞ்ஞி சிற்றாலயம். அதனருகே எரெமித்தானி ஆலயம். அங்கு மன்தெஞ்ஞா தம் இளமையில் வரைந்த சுவரோவியங்கள் இருந்தன. இரண்டாம் உலகப்போரில் நேசநாட்டு விமானங்கள் இப்புகையிரதச் சந்தியைக் குறிவைத்தன. 1944 மார்ச் 11ஆந் திகதி வீழ்ந்த குண்டுகள் எரெமித்தானியைச் சிதைத்தன. கூப்பிடு தூரத்தில் நின்ற ஜியோத்தோவின் சுவர்கள் தப்பின. மன்தெஞ்ஞாவின் ஓவியத் துணுக்குகள் 80,000த்திற்கும் மேற்பட்டவை பொறுக்கியெடுக்கப்பட்டன. பல பத்தாண்டுகளின் பின், பழைய நிழற்படங்களோடு கணினியால் ஒப்பிட்டு அவற்றின் இடங்களைத் தேடினர்.

வெனிஸின் பழைய நகர்ப்பகுதியில் 1951இல் ஏறத்தாழ 175,000 பேர் வாழ்ந்தனர். 2022இல் அத்தொகை 50,000இற்குக் கீழே இறங்கியது. 2024ஆம் ஆண்டிற் சில குறித்த நாட்களில், ஒரு நாட்பயணியாக வருவோரிடம் 5 யூரோ அறவிடவும் தொடங்கினர். பதுவையிலே தங்கி வெனிஸைப் பார்த்து வருவோர் இன்று பலர். அப்பயணத்தைத் திருப்பிச் செய்பவர் குறைவு. சென்றால், 1545இல் அமைந்த மூலிகைத் தோட்டத்தைக் காணலாம். கோதே நின்று ஆராய்ந்த, 1585இல் நட்ட பனையினமரம் அங்கு கண்ணாடிக் கூட்டினுள் இன்றும் வாழ்கிறது. ஜியோத்தோவின் ஆலயத்திற்கு முன்கூட்டியே பதிவு செய்தல் வேண்டும்; காற்றின் ஈரத்தைச் சமனாக்கும் அறையிற் சற்று இருத்திய பின், கால் மணித்தியால அளவே உள்ளே விடுவர். அங்கிருந்து அந்தோனியார் பேராலயத்திற்கு வழி கேட்பவர் அவர் பெயரைச் சொல்லவேண்டியதில்லை. இல் சாந்தோ, அதாவது ‘புனிதர்’ என்றாலே ஊரார் கைகாட்டிவிடுவர்.