அந்த 'பி' எங்கே போச்சு?

   

"ஆங்கிலம் எழுதும்போது வருகிற பிழைகளுக்குக் காரணம் எழுதுகிறவரின் கவனக்குறைவா, அந்த மொழி நடந்து வந்த பாதையா?" இதுதான் தலைப்பு. எதிரணியிலே பேசிய அம்மா, "பிழை பிழைதான், இதுல வரலாறு எங்கே வந்தது?"ன்னு கேட்டாங்க. நல்ல கேள்விங்க. பதில் சொல்றதுக்கு முன்னாடி எங்க வீட்டுக் கதை ஒண்ணைச் சொல்லிடறேன்.

நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்குச் சம்பளம் கட்ட முடியலை. எங்கப்பா எட்டாவது வரைக்கும் படிச்சவர். பத்து நாள் தவணை கேட்டு வாத்தியாருக்கு ஒரு கடிதம் எழுதினார். தமிழிலேயே எழுதியிருக்கலாம். மரியாதையா இருக்கட்டும்னு இங்கிலீஷில் எழுதினார். கடன் என்பதற்கு 'டெட்' என்கிற சொல்லைப் போட்டார். காதிலே கேட்டபடி டி, இ, டி. மூணே எழுத்து.

வாத்தியார் படிச்சார். எழுந்து நிக்கச் சொல்லி, "என்னடா, உங்கப்பா கடன்ல 'பி'யைக் காணோம்? அதையும் அடகு வெச்சுட்டாரா?" என்றார். வகுப்பே சிரிச்சுது. நானும் சேர்ந்து சிரிச்சேன். அதுதாங்க இன்னைக்கும் எனக்கு உறுத்துது. சாயங்காலம் வீட்டுக்குப் போய், அதை வேடிக்கையா அப்பாகிட்டயே சொன்னேன். அவர் ஒண்ணும் பேசலை. தவணை கிடைச்சுது. ஆனா அதுக்கப்புறம் கடைசிவரைக்கும் எங்கப்பா இங்கிலீஷில் ஒரு வரி எழுதலை. பாங்குக்குப் போனா சலானைக்கூட யாரையாவது எழுதிக் கொடுக்கச் சொல்வார்.

அந்த 'பி' எங்கே போச்சுன்னு நான் பல வருஷம் கழிச்சுத் தேடினேன். தேடிப் பார்த்தா, அது எங்கேயும் போகலீங்க. முதல்ல அது அங்கே இருந்ததே கிடையாது! (சிரிப்பு)

1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடிச்சாங்க. அதன் பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தன. 'கடன்' என்ற சொல்லும் அப்படி வந்ததுதான். 1400-இல் மறைந்த பெருங்கவிஞர் சாசர் அதை டி, இ, டி, டி, இ என்றுதான் எழுதினார். பிரெஞ்சுக்காரர் இன்றைக்கும் அப்படித்தான் எழுதுகிறார். 'பி' கிடையாது. பிறகு லத்தீன் படித்த பண்டிதர்கள் வந்தார்கள். "இந்தச் சொல்லின் பாட்டன் லத்தீனில் 'டெபிட்டும்'. அதிலே 'பி' இருக்கிறது. பேரனுக்கும் போடு" என்று செருகிவிட்டார்கள். வாயிலே வராத எழுத்து, வம்சப் பெருமைக்காகக் காகிதத்திலே உட்கார்ந்தது. நாம தினம் சொல்ற 'டவுட்', கடையிலே வாங்குற 'ரிசீட்' எல்லாம் இதே கதைதான். டவுட்டுக்கு ஒரு 'பி', ரிசீட்டுக்கு ஒரு 'பி' மாதிரி ஒரு 'பீ' ஓசை, அதாவது ஆங்கிலத்தின் பதினாறாவது எழுத்து. அந்த ஊரிலே எல்லோருக்குமே டவுட்டு வந்திருக்கும்! (சிரிப்பு)

இதைக் கேளுங்க. ஷேக்ஸ்பியரின் 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகம் 1598-இல் அச்சானது. அதிலே ஒரு வாத்தியார் வருவார். "ஜனங்கள் 'டெட்' என்கிறார்களே, உள்ளே இருக்கிற 'பி'யை உச்சரிக்க மாட்டேன் என்கிறார்களே" என்று அலுத்துக்கொள்வார். ஷேக்ஸ்பியர் யாரைக் கேலி செய்தார்? 'பி'யை விட்டவனை இல்லீங்க. 'பி' எங்கே என்று கேட்ட வாத்தியாரை! (பலத்த கைதட்டல்) அந்த ஷேக்ஸ்பியர் போட்ட கையெழுத்துகளில் நமக்குக் கிடைத்தவை ஆறு. தன் பெயரையே அவர் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுதவில்லை. அன்றைக்கு அது குற்றமும் இல்லை.

சரி, மற்ற ஊமை எழுத்துகள் எப்படி வந்தன? 'நைட்' என்றால் போர்வீரன். முன்னால் ஒரு 'கே', நடுவிலே 'ஜி', 'எச்'. இதெல்லாம் அலங்காரத்துக்குப் போட்டதில்லை. ஒரு காலத்தில் அந்த மக்கள் 'க்னிக்ட்' என்று எல்லா எழுத்தையும் வாயாரச் சொன்னார்கள். 'நேம்' என்ற சொல்லை 'நாம' என்றார்கள். நம்ம 'நாமம்' மாதிரியேதான்! (சிரிப்பு) சொன்னபடி எழுதினார்கள், எழுதியபடி சொன்னார்கள்.

1476-இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை வெஸ்ட்மின்ஸ்டரில் வைத்தார். அப்போது ஊருக்கு ஒரு பேச்சு. 1490-இல் அவரே ஒரு முன்னுரையில் எழுதுகிறார்: வடக்கேயிருந்து வந்த வியாபாரி ஒருவர், தெற்கே ஒரு வீட்டிலே, முட்டை வேணும்னு 'எக்ஸ்' என்று கேட்டாராம். அந்த அம்மா, "எனக்கு பிரெஞ்சு தெரியாதுங்க" என்றாளாம். வியாபாரிக்குக் கோபம். அவருக்கும் பிரெஞ்சு தெரியாது! பக்கத்திலிருந்தவர் அந்தப் பக்கத்து வழக்கிலே 'ஐரன்' என்று கேட்ட பிறகுதான் முட்டை கிடைத்ததாம். எதை அச்சிலே போடுவது என்று காக்ஸ்டனே திண்டாடினார்.

அச்சு எழுத்தை நிறுத்தியது. வாய் நிற்குமா? ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெடில் ஓசைகள் ஒன்றொன்றாக இடம் மாறின. 'நாம' 'நேம்' ஆச்சு. 'க்னிக்ட்' 'நைட்' ஆச்சு. அளவெடுத்துச் சட்டை தைச்சாச்சு. தைச்ச பிறகு ஆள் இளைச்சுட்டான். சட்டை மட்டும் அதே சட்டை! 1755-இல் சாமுவேல் ஜான்சன் பேரகராதி போட்டு, அந்தச் சட்டைக்குப் பித்தானும் போட்டுவிட்டார்.

மாற்றிப் பார்க்காமல் இல்லை. 1906-இல் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், அரசு அச்சகத்தில் 300 சொற்களை எளிய எழுத்தில் போடச் சொன்னார். நாடாளுமன்றம் எதிர்த்தது, பத்திரிகைகள் சிரித்தன, அந்த வருஷமே ஆணையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஜனாதிபதியாலேயே முடியலை. எங்கப்பாவால முடியுமா?

எதிரணி நண்பர் 'இட்ஸ்' என்ற சொல்லைக் காட்டி, "தலைக்கு மேலே ஒரு சின்னக் கொம்பு எப்போ வரும், எப்போ வராதுன்னுகூடத் தெரியலையே" என்று வருத்தப்பட்டார். 'அது இருக்கிறது' என்றால் கொம்பு உண்டு. 'அதனுடைய' என்றால் கிடையாது. உண்மை. ஆனால் 1787-இல் எழுதிய அமெரிக்க அரசியல் சட்டத்தை எடுத்துப் பாருங்க. 'அதனுடைய' என்ற பொருளிலேயே கொம்பு போட்டிருக்கிறார்கள்! அன்றைக்கு அது வழக்கம். பின்னால் விதி மாறியது. நேற்றைய வழக்கம் இன்றைய பிழை.

1992-இல் அமெரிக்கத் துணை ஜனாதிபதி டான் குவேல் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஒரு பையன் கரும்பலகையில் உருளைக்கிழங்குக்கு 'பொட்டேட்டோ' என்று சரியாகத்தான் எழுதினான். இவர் திருத்தி, கடைசியிலே ஒரு 'இ' சேர்க்க வைத்தார். பாவம், அவர் கையிலிருந்த அட்டையிலும் அப்படித்தான் இருந்ததாம்! உலகமே சிரித்தது. அந்தச் சிரிப்பிலும் எனக்குச் சம்மதமில்லைங்க.

நடுவர் அவர்களே, தப்பா எழுதினா தப்பில்லைன்னு நான் சொல்ல வரலை. 'அங்கே' என்பதற்கும் 'அவர்களுடைய' என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே ஓசை. எழுத்து மாறினால் பொருள் மாறும். வேலைக்கு மனுப் போடுகிற பிள்ளை இரண்டு தடவை படித்துப் பார்த்துத்தான் அனுப்பணும். அகராதியைத் தொட்டுப் பார்க்கணும். ஆனால், அந்தப் பிழைக்குப் பின்னாலே அறுநூறு வருஷத்துக் கதை நிற்குது. அதைப் பார்த்து, "இவனுக்கு மூளை இல்லை"ன்னு தீர்ப்பு எழுதாதீங்க. திருத்துகிறவர் பக்கத்திலே உட்கார்ந்து திருத்தணும். நாலு பேர் நடுவிலே நிறுத்தி வெச்சு இல்லை.

எங்கப்பா இன்னைக்கு இல்லை. இருந்தா சொல்வேன்: "அப்பா, உங்க கடிதத்திலே சாசர் கணக்குப்படி ஒரு 'டி'யும் ஒரு 'இ'யும்தான் குறையுது. 'பி' குறையலை. அன்னைக்கு நான் சிரிச்சதுதான் தப்பு."

ஆகவே, பிழைக்குக் காரணம் எழுதிய கை மட்டுமல்ல, அந்த மொழி நடந்து வந்த பாதையே என்று தீர்ப்புக் கூறும்படி கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)