ஒரே கப்பல், ஒரே தேதி, ஒரே மாதிரி கேபின்... நாட்டுக்கு நாடு சொகுசுக் கப்பல் கட்டணம் மாறுவது ஏன்?

சொகுசுக் கப்பல் பயணத்தில் பக்கத்துப் பக்கத்து கேபினில் இருக்கும் இரண்டு குடும்பங்கள், 'நீங்க எவ்வளவு கொடுத்தீங்க?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டால், இருவருக்கும் ஒரே பதில் வருவது அபூர்வம். அதிலும் ஒருவர் அமெரிக்காவிலும் மற்றவர் பிரிட்டனிலும் புக் செய்திருந்தால், நூற்றுக்கணக்கான டாலர் வித்தியாசம் இருக்கக்கூடும். சாப்பாடு ஒன்று, போகும் துறைமுகங்கள் ஒன்று, கப்பலும் ஒன்று. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? இது ஏமாற்று வேலையா, இல்லை வியாபாரக் கணக்கா? விரிவாகப் பார்ப்போம்.

காலி கேபின் என்பது அழுகிப்போன தக்காளி

கப்பல் நிறுவனங்களின் விலைக் கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. 2024 ஜனவரியில் மயாமியில் இருந்து முதல் பயணம் போன ராயல் கரீபியன் நிறுவனத்தின் 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலில் 2,805 கேபின்கள் உள்ளன. கேபினுக்கு இரண்டு பேர் என்று கணக்குப் போட்டால் 5,610 பயணிகள். கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிவிட்டால் காலியாக இருக்கும் கேபினை அப்புறம் விற்கவே முடியாது. சாயங்காலச் சந்தையில் மிச்சமாகும் தக்காளி மாதிரி, அன்றைக்கு விற்காதது நஷ்டம்தான்.

எரிபொருள், மாலுமிகள் சம்பளம், துறைமுகச் செலவு ஆகியவை கப்பல் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் கிட்டத்தட்ட அதேதான். அதனால் கூடுதலாக ஏறும் ஒவ்வொரு பயணியும் லாபம். போதாக்குறைக்கு, டிக்கெட் மட்டும் வருமானம் இல்லை. மதுபானம், சூதாட்ட அரங்கு, ஸ்பா, இணைய வசதி, கரையில் சுற்றிக்காட்டும் டூர் என்று கப்பலுக்குள் பயணி செலவழிக்கும் பணமும் உண்டு. கார்னிவல், ராயல் கரீபியன் ஆகிய இரு பெரும் நிறுவனங்களின் 2023 கணக்கைப் பார்த்தால், மொத்த வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான். ஆகவே, டிக்கெட்டைக் குறைத்துக் கொடுத்தாவது ஆளை ஏற்றிவிடுவதில் நிறுவனத்துக்கு லாபம் இருக்கிறது.

கேள்வி என்னவென்றால், யாருக்குக் குறைப்பது? எல்லோருக்கும் குறைத்தால், முழு விலை கொடுக்கத் தயாராக இருந்தவரிடமும் வருமானம் போய்விடும். அதனால் சந்தையை நாடு நாடாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி விலைப்பட்டியல் போடுகிறார்கள். பொருளியலில் இதற்கு விலைப் பாகுபாடு என்று பெயர்.

எந்த நாட்டுக்கு எந்த விலை?

ஒரு நாட்டின் விலையை முடிவு செய்வதில் முக்கியமாக மூன்று விஷயங்கள் பார்க்கப்படுகின்றன.

முதலாவது, போட்டி. ஃபுளோரிடாவில் இருந்து கரீபியன் போகும் கப்பல்கள் ஏராளம். அமெரிக்கருக்கு அது கார் எடுத்துக்கொண்டு போய் ஏறிவிடக்கூடிய பயணம். அங்கே விலையைக் கொஞ்சம் ஏற்றினாலும் அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடுவார்கள். அதே கரீபியன் பயணம் ஒரு பிரிட்டிஷ்காரருக்கு விமான டிக்கெட்டும் சேர்த்துத் திட்டமிடும் பெரிய விடுமுறை. இருவரும் விலையைப் பார்க்கும் விதமே வேறு.

இரண்டாவது, எப்போது புக் செய்கிறார்கள் என்பது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஜனவரி முதல் மார்ச் வரை முன்பதிவு குவியும். துறையில் இதை 'வேவ் சீசன்' என்கிறார்கள். ஒரு நாட்டில் எதிர்பார்த்த அளவு கேபின் விற்கவில்லை என்றால், அந்த நாட்டுக்கு மட்டும் தள்ளுபடி திறக்கப்படும். மற்ற நாட்டு இணையதளத்தில் அது தெரியவே தெரியாது.

மூன்றாவது, விற்பனைச் செலவு. டிராவல் ஏஜென்ட் கமிஷன், உள்ளூர் விளம்பரம், அலுவலகம் எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். நேரடி அலுவலகம் இல்லாத நாடுகளில் ஒரு பிரதிநிதி நிறுவனம், அதற்குக் கீழே ஏஜென்ட் என்று கைமாறித்தான் டிக்கெட் வரும்.

நாட்டுக்கு நாடு மட்டுமல்ல, ஒரே நாட்டுக்குள்ளும் இது உண்டு. அமெரிக்காவில் ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் வசிப்பவர்களுக்கு, 55 வயது தாண்டியவர்களுக்கு, ராணுவத்தினருக்கு என்று தனித்தனிச் சலுகைக் கட்டணங்கள் வழக்கமாக வருகின்றன.

கரன்சி எங்கே வருகிறது?

பலரும் நினைப்பது போல, டாலர் விலையை அன்றைய மாற்று விகிதத்தில் பெருக்கி பவுண்டு விலையோ ஆஸ்திரேலிய டாலர் விலையோ போடுவதில்லை. ஒவ்வொரு கரன்சிக்கும் தனி விலைப்பட்டியல் இருக்கும். பயணத்துக்கு ஓர் ஆண்டு, சில சமயம் இரண்டு ஆண்டுக்கு முன்பே அந்தப் பட்டியல் வெளியாகிவிடும். மாற்று விகிதம் தினமும் ஆடும். பட்டியல் அதே வேகத்தில் ஆடாது.

2016 ஜூன் 23 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்து வெளியேற பிரிட்டன் மக்கள் வாக்களித்தார்கள். மறுநாளே டாலருக்கு எதிராக பவுண்டு சுமார் 8 சதவீதம் சரிந்தது. இப்படி நடக்கும்போது ஏற்கெனவே பவுண்டில் போட்ட விலை, டாலரில் பார்த்தால் திடீரென மலிவாகிவிடும். நிறுவனம் டாலரில் கணக்கு காட்டுகிறது என்றால், விற்ற டிக்கெட்டில் அதற்குக் கிடைக்கும் மதிப்பு குறையும். இதற்கு நேர்மாறாக பவுண்டு ஏறினால், அமெரிக்க இணையதளம் மலிவாகத் தெரியும். இந்த ஆபத்தைச் சமாளிக்கக் கொஞ்சம் பாதுகாப்பு இடைவெளி வைத்தே விலை நிர்ணயிப்பது சர்வதேச வியாபாரத்தில் சகஜம்.

உண்மையிலேயே வித்தியாசமா, பார்வைக்கு மட்டுமா?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். 7 இரவு பயணத்துக்கு ஒரு அமெரிக்க விளம்பரம் 900 டாலர் என்கிறது. பிரிட்டன் விளம்பரம் 899 பவுண்டு என்கிறது. ஒரு பவுண்டு 1.30 டாலர் என்று வைத்தால், 899 பவுண்டு சுமார் 1,169 டாலர். 'பிரிட்டன்காரருக்கு 30 சதவீதம் அதிகம்!' என்று தோன்றும்.

ஆனால் அந்த 900 டாலரில் துறைமுக வரி, கட்டணம் சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அது 150 டாலர். கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ் நாளுக்கு 17 டாலர் வீதம் 7 நாளுக்கு 119 டாலர். மொத்தம் 1,169 டாலர். பவுண்டு விலையில் இவை எல்லாம் ஏற்கெனவே அடங்கியிருந்தால், இரண்டும் ஒரே விலைதான்!

இது வெறும் கற்பனை இல்லை. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே மொத்த விலையைக் காட்ட வேண்டும் என்பது சட்டம். அமெரிக்காவில் நீண்ட காலமாக வரியும் துறைமுகக் கட்டணமும் தனியாகவே காட்டப்பட்டன. கலிஃபோர்னியா மாநிலத்தின் மறைமுகக் கட்டணத் தடைச் சட்டம் 2024 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்த பிறகுதான் பெரிய நிறுவனங்கள் விலை காட்டும் முறையை மாற்றின. டிப்ஸிலும் இதே கதை. அமெரிக்கச் சந்தையை நம்பிய நிறுவனங்கள் நாள் கணக்கில் டிப்ஸ் வசூலிக்கின்றன. பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூஸஸ் 2019-ல் அந்தத் தனி வசூலையே நிறுத்திவிட்டது.

துறைமுகத்துக்கு அரசுகள் விதிக்கும் தலைவரி மட்டும் பயணியின் நாட்டைப் பார்ப்பதில்லை. சாண்டோரினி, மைக்கோனோஸ் தீவுகளில் இறங்கும் கப்பல் பயணிகளுக்கு கிரீஸ் 2025 ஜூலை முதல் சீசன் நேரத்தில் 20 யூரோ விதிக்கிறது. அமெரிக்கரானாலும் இந்தியரானாலும் அதே 20 யூரோதான்.

பாதுகாப்புக்கும் ஒரு விலை உண்டு

பிரிட்டனில் 2018 முதல் அமலில் உள்ள பேக்கேஜ் பயண விதிகள், விற்கும் நிறுவனம் திவாலானாலும் பயணியின் பணம் திரும்பக் கிடைக்க ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்கின்றன. புக் செய்த பின் விலையை 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால், அபராதம் இல்லாமல் ரத்து செய்யும் உரிமையும் பயணிக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஏறக்குறைய இதே விதிகள்தான். இந்தப் பாதுகாப்புக்கான செலவு விலைக்குள் ஒளிந்திருக்கிறது.

அமெரிக்காவில் வேறு விதமான வசதி. முழுத் தொகை கட்டும் கெடுவுக்கு முன் விலை குறைந்தால், பல நிறுவனங்கள் குறைந்த விலைக்கு மாற்றித் தருகின்றன. பிரிட்டனில் பொதுவாக இந்த வசதி கிடையாது. புக் செய்த விலை புக் செய்த விலைதான். ஆக, எண்ணை மட்டும் ஒப்பிட்டால் போதாது. அந்த விலையோடு என்ன உரிமை வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

வேறு நாட்டு இணையதளத்தில் புக் பண்ணலாமா?

எங்கே மலிவோ அங்கே வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். அதைத் தடுக்கத்தான் வசிப்பிட விதி. பல நிறுவனங்களின் விதிமுறைகளில், இந்தக் கட்டணம் இந்த நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். பார்ப்பது பாஸ்போர்ட்டை விட முகவரியைத்தான். பொய் முகவரி கொடுத்து சலுகைக் கட்டணத்தில் புக் செய்தால், வித்தியாசத் தொகையைக் கேட்கவோ முன்பதிவை ரத்து செய்யவோ அந்த விதிமுறையே நிறுவனத்துக்கு இடம் கொடுத்துவிடும். வாழ்நாள் சேமிப்பில் குடும்பத்தோடு போகும் பயணத்தில் இந்த ரிஸ்க் தேவையா என்பதை யோசிக்க வேண்டும்.

சட்டம் இதை அனுமதிக்கிறதா? ஐரோப்பிய ஒன்றியத் துறைமுகங்களில் இருந்து புறப்படும் கப்பல் பயணங்களில், குடியுரிமையை வைத்து நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணத்தில் பாகுபாடு கூடாது என்று ஒன்றியத்தின் 1177/2010 விதி சொல்கிறது. ஆனால் குடியுரிமையும் வசிப்பிடமும் ஒன்றல்ல என்பதால், கேள்வி அவ்வளவு சுலபத்தில் தீராது. ஐரோப்பாவுக்கு வெளியே பல நாடுகளில் சந்தைக்கு ஒரு விலை வைப்பதற்குத் தனியாகத் தடை எதுவும் இல்லை.

இந்தியப் பயணிகள் கவனிக்க வேண்டியவை

சென்னையில் இருந்து கோர்டிலியா குரூஸஸ் நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் 2022 ஜூனில் பயணத்தைத் தொடங்கியது. அதன் விலை ரூபாயில் என்பதால் கரன்சிக் குழப்பம் இல்லை. ஆனால் சிங்கப்பூரில் இருந்தோ ஐரோப்பாவில் இருந்தோ கப்பல் ஏறுபவர்கள் கீழே உள்ளவற்றைச் சரிபார்ப்பது நல்லது.

* துறைமுக வரி, டிப்ஸ், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து கடைசியாகக் கட்ட வேண்டிய மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். விளம்பர விலையை வைத்து ஒப்பிடாதீர்கள்.
* இந்திய ஏஜென்ட்டிடம் வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் பிடிப்பார்கள். இது கூடுதல் செலவு அல்ல. வருமான வரிக் கணக்கில் காட்டிச் சரிசெய்துகொள்ளலாம். விகிதமும் வரம்பும் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுவதால், புக் செய்யும் நாளில் உள்ள விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.
* வெளிநாட்டு இணையதளத்தில் இந்திய கார்டில் கட்டினால், பல வங்கிகள் 2 முதல் 3.5 சதவீதம் வரை கரன்சி மாற்றுக் கட்டணம் எடுக்கும். ஒரு லட்சம் ரூபாய்க்கு 3,500 ரூபாய் வரை போகலாம்.
* ரத்து செய்தால் பணம் எந்தக் கரன்சியில் திரும்ப வரும் என்று பாருங்கள். டாலரில் கட்டி டாலரில் திரும்பி வரும்போது, இடையில் மாறிய விகிதத்தின் லாப நஷ்டம் உங்கள் தலையில்தான்.
* கப்பலுக்குள் கணக்கு எந்தக் கரன்சியில் ஓடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க நிறுவனங்களில் பெரும்பாலும் டாலர். கோஸ்டா, ஐடா போன்றவற்றில் யூரோ.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்த பிறகும் வெளிநாட்டு விலை குறைவாக இருந்தால், அந்தக் கட்டணம் இந்தியாவில் வசிப்பவருக்குச் செல்லுமா என்று நிறுவனத்திடமே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திக்கொண்டு பணம் கட்டுவது பாதுகாப்பானது.