329-ஆம் எண் ஆய்வு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகலில், முதலாண்டு மாணவன் ஒருவனின் தந்தை எங்கள் துறை அறைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்து என் மேசைமீது விரித்தார். இணையத்திலிருந்து அச்செடுத்தது. “சார், இந்த மாத்திரை சின்னப் பசங்களுக்குத் தற்கொலை எண்ணத்தக் கொண்டுவரும்னு போட்டிருக்கு. டாக்டர் இதத்தான் எழுதிக் குடுத்திருக்காரு. நீங்க படிச்சவங்க, என்ன செய்யலாம் சொல்லுங்க” என்றார்.

நான் படித்தது தமிழ் இலக்கியம். தலைவியின் மேனியில் படரும் பசலையை ஒரு மணி நேரம் விரித்துரைக்கத் தெரிந்த எனக்கு, அதே வகுப்பின் மூன்றாம் வரிசையில் இரண்டு மாதங்களாக வாடிக்கொண்டிருந்த முகம் கண்ணில் படவில்லை. அந்தக் குற்றவுணர்வில்தான் இவ்வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

மனச்சோர்வுக்கான மருந்துகளை எவரும் திட்டமிட்டுக் கண்டுபிடிக்கவில்லை. 1952-இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலிருந்த சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியசிட் என்னும் மருந்தைக் கொடுத்தார்கள். படுக்கையோடு கிடந்தவர்கள் எழுந்து நடமாடி, சிரித்துப் பேசத் தொடங்கினார்கள். சுவிட்சர்லாந்தின் மியூன்ஸ்டர்லிங்கன் மருத்துவமனையில் ரோலண்ட் கூன், வேறு மனநோய்க்காக வந்த இமிப்ரமின் என்ற சேர்மம் அந்நோய்க்கு உதவாமல் மனச்சோர்வுக்கு உதவுவதை 1956-இல் கண்டார். இந்தக் கதையில் நம் நாட்டு மூலிகை ஒன்றும் உண்டு. சர்ப்பகந்தி இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-இல் பிரிட்டிஷ் ஏடொன்றில் எழுதினார். அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின், மூளையிலுள்ள செரடோனினை வற்றச் செய்வதும், அதை உட்கொண்டவர்களில் சிலர் சோர்ந்து போவதும் 1950-களில் கவனத்துக்கு வந்தன. ஒன்று வற்றினால் சோர்வு, பெருகினால் தெளிவு என்னும் எளிய கணக்கு இவ்வாறு பிறந்தது.

அந்தக் கணக்கு ஒருபோதும் முழுமையாகச் சரிவந்ததில்லை. மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்திலேயே நரம்பணுக்களுக்கிடையே செரடோனின் கூடுகிறது. மனம் தெளியவோ வாரங்கள் ஆகின்றன. இடைப்பட்ட நாட்களில் நரம்பணுக்களின் இணைப்புகளே மெல்ல மாறுகின்றன என்பது பின்னர் எழுந்த கருத்து. மனச்சோர்வுக்குச் செரடோனின் குறைவே காரணம் என்பதற்கு உறுதியான சான்றில்லை என்று 2022-இல் வெளிவந்த விரிவான மதிப்பாய்வு ஒன்று கூறியது. ஆனால் காரணம் தெரியாததாலேயே மருந்து பயனற்றது என்றாகிவிடாது. காய்ச்சல் மாத்திரைக் குறைவால் காய்ச்சல் வருவதில்லையே!

இவையெல்லாம் பெரியவர்களைப் பற்றியவை. சிறுவர்களுக்கு மனச்சோர்வே வராது என்றுதான் 1960-கள் வரை மனப்பகுப்பாய்வு வழிவந்தோரில் பலர் நம்பினார்கள். தன்னைத்தானே கடிந்துகொள்ளும் அளவுக்கு மனசாட்சி முதிராதபோது சோர்வு எங்கிருந்து வரும் என்பது அவர்கள் வாதம். பிள்ளைகளைக் கேட்டிருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள். 1970-களில்தான் ஹோவாக்கிம் புயிக்-ஆண்டிக் போன்றோர் நேரில் அமர்ந்து முறையாக வினவத் தொடங்கினார்கள். வினவியதும் நோய் வெளிப்பட்டது. ஆனால் பெரியவர்களுக்குப் பயன்பட்ட இமிப்ரமின் வகை மருந்துகள் இவர்களுக்கு வெற்று மாத்திரையைவிட மேலாக உதவவில்லை. மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஊகித்தார்கள். ஒரே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து படமெடுத்த ஜே கீட் குழுவினர், பதின்பருவத்திலும் மூளையின் கட்டமைப்பு மாறிக்கொண்டே இருப்பதை 1999-இல் காட்டினார்கள். உணர்ச்சியைக் கிளர்த்தும் பகுதிகள் முந்திக்கொள்ள, அதைக் கட்டுக்குள் வைக்கும் நெற்றிப்புற மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது.

1997-இல் டெக்சாஸில் கிரஹாம் எம்ஸ்லி குழுவினர் 96 பேரிடம் ஃப்ளூவோக்செடினைச் சோதித்தார்கள். மருந்து பெற்றோரில் 56 சதவீதத்தினரும் வெற்று மாத்திரை பெற்றோரில் 33 சதவீதத்தினரும் தேறினார்கள். பெரிய இடைவெளி அன்று. ஆயினும் அது உண்மையான இடைவெளி. இவ்வளவில் நின்றிருந்தால் இக்கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

இதற்கிடையில் ஸ்மித்க்லைன் பீச்சம் நிறுவனம் தன் பராக்செடின் மருந்தை 275 பதின்பருவத்தினரிடம் சோதித்திருந்தது. அதற்கிட்ட எண் 329. எவற்றை வைத்து வெற்றியை அளப்பது என்று முன்கூட்டியே குறித்துக்கொண்ட இரண்டு முதன்மை அளவைகளிலும் மருந்து தோற்றது. பயன் நிரூபணமாகவில்லை என்று எழுதுவது வணிகத்துக்கு ஏலாது என்று 1998-ஆம் ஆண்டின் உட்குறிப்பு ஒன்றில் நிறுவனத்தாரே எழுதிவைத்தார்கள். ஆயினும் 2001-இல் மதிப்புமிக்க ஏடொன்றில் வெளிவந்த கட்டுரை, மருந்து பயனுள்ளது, பிள்ளைகள் அதை நன்றாகத் தாங்கிக்கொள்கிறார்கள் என்று முடிந்தது. தலைப்பின் கீழ் 22 பேரின் பெயர்கள். முதல் வரைவை எழுதியவரோ நிறுவனம் அமர்த்திய கூலி எழுத்தாளர்.

மொழி கற்பிப்பவன் என்ற முறையில் என்னை உறுத்தியது வேறொன்று. தற்கொலை எண்ணங்களும் தன்னையே காயப்படுத்திக்கொண்ட நிகழ்வுகளும் அக்கட்டுரையில் ‘உணர்ச்சி நிலையின்மை’ என்னும் சொல்லுக்குள் அடைக்கப்பட்டிருந்தன. சொல் தவறானதன்று, அதனால்தான் அது அவ்வளவு நன்றாக மறைத்தது. மருந்து பெற்ற 93 பேரில் 11 பேருக்குக் கடும் பாதிப்புகள் நேர்ந்தன. அவற்றுள் மருந்தால் விளைந்ததாக ஒப்புக்கொள்ளப்பட்டது ஒருவருடைய தலைவலி மட்டுமே.

2002-இல் பிபிசி இம்மருந்தைப் பற்றி ஒளிபரப்பிய நிகழ்ச்சிக்குப் பின் கேள்விகள் வலுத்தன. 2003 ஜூனில் பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 18 வயதுக்குட்பட்ட மனச்சோர்வாளருக்குப் பராக்செடின் கூடாது என்றது. அவ்வாண்டு டிசம்பரில் அவ்வகையில் ஃப்ளூவோக்செடின் தவிர ஏனையவற்றுக்கும் அவ்வாறே எச்சரித்தது. அமெரிக்க அமைப்பு 24 சோதனைகளை, 4,400-க்கு மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களோடு சேர்த்துப் பார்த்தது. தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்து பெற்றவரிடம் 4 சதவீதம். வெற்று மாத்திரை பெற்றவரிடம் 2 சதவீதம். அச்சோதனைகளில் ஒருவர்கூடத் தற்கொலையால் இறக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2004 அக்டோபரில் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை ஆணையாயிற்று. அந்தத் தந்தை அச்செடுத்து வந்தது அதன் சாரத்தைத்தான்.

நிறுவனத்தின் வாரிசான கிளாக்ஸோஸ்மித்க்லைன் 2012-இல், சிறாருக்கு இம்மருந்தை முறையின்றிப் பரப்பியது உள்ளிட்ட குற்றங்களை ஒப்புக்கொண்டு மொத்தம் 300 கோடி டாலர் செலுத்தியது. மூலத்தரவுகளை 2015-இல் வேறொரு குழு மறுபடி அலசியது. பயனில்லை, தீங்கு உண்டு என்ற முடிவுக்கு வர 14 ஆண்டுகள் ஆயின.

எச்சரிக்கைக்கும் ஒரு விலை இருந்தது. அது வெளியானபின் இளையோருக்கு மருந்து எழுதுவது குறைந்தது. அமெரிக்காவில் 10 முதல் 24 வயது வரையிலானோரின் தற்கொலை விகிதம் 2003-க்கும் 2004-க்கும் இடையே 8 சதவீதம் உயர்ந்தது. மருத்துவர்களும் பெற்றோரும் அஞ்சி ஒதுங்கியதே காரணம் என்று ஒரு சாராரும், கால வரிசை அதற்குப் பொருந்தவில்லை என்று மற்றொரு சாராரும் வாதிட்டார்கள். இரண்டாமவர் பக்கம் நியாயம் கூடுதல் என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் சிகிச்சை இல்லாமலிருப்பது ஆபத்தற்ற நிலை என்று எவரும் சொல்லிவிட முடியாது.

மருந்தா பேச்சா என்னும் பழைய சண்டைக்கும் ஓரளவு விடை 2004-இல் கிடைத்தது. 12 முதல் 17 வயதுள்ள 439 பேரிடம் 12 வாரங்கள் நடந்த சோதனையில், மருந்தும் சிந்தனை-நடத்தைச் சிகிச்சையும் சேர்ந்தபோது 71 சதவீதத்தினர் தேறினார்கள். ஃப்ளூவோக்செடின் மட்டும் எனில் 61; பேச்சுவழிச் சிகிச்சை மட்டும் எனில் 43; வெற்று மாத்திரைக்கு 35. ஆனால் 36 வாரங்கள் கடந்தபோது பேச்சுவழிச் சிகிச்சை பெற்றவர்களும் மருந்துக்காரர்களை எட்டிப் பிடித்திருந்தார்கள்.

இதெல்லாம் நான் பிறகு படித்தவை. அன்று அந்த மனிதரிடம், மருத்துவர் வேறென்ன சொன்னார் என்று மட்டுமே கேட்கத் தோன்றியது. முதல் மாதம் வாரந்தோறும் பையனை அழைத்துவரச் சொன்னதையும், மாத்திரை அட்டையை அவன் கையில் கொடுக்க வேண்டாம், திடீரென்று நிறுத்தவும் வேண்டாம் என்றதையும் சொன்னார். எந்த மருந்து என்று கேட்டேன். சட்டைப் பையில் மறுபடி கைவிட்டார். அட்டையை அங்கேதான் வைத்திருந்தார். ஃப்ளூவோக்செடின். மறுநாள் மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டிக் கேட்க அவருடன் நானும் சென்றேன். ஐந்து நிமிடத்தில் முடியும் என்று நினைத்த பேச்சு முக்கால் மணி நேரம் நீண்டது. பையன் அடுத்த பருவத்தில் இரண்டு அரியர்களோடு வகுப்புக்குத் திரும்பினான். இம்முறை சன்னலோரம் உட்கார்ந்தான்.