கயவாகு: ஓர் அகச்சான்றின் வரலாறு

சிலப்பதிகாரத்தின் இறுதிப் பகுதியான வரந்தரு காதையில், சேரன் செங்குட்டுவன் பத்தினிக்கு எடுத்த கோயிலில் வழிபட்ட அரசர்களுள் ஒருவனாக இலங்கை வேந்தன் கயவாகு குறிக்கப்படுகிறான். பெரும்பாலும் இந்த ஒரு பெயரைப் பற்றிக்கொண்டே சங்கப் புலவர் பலரின் காலம் கி.பி. 2ஆம் நூற்றாண்டு என்று கணிக்கப்பட்டது. ஒரு நூலின் அகச்சான்றால் எதை நிறுவலாம், எதை நிறுவ இயலாது என்பதற்குத் தமிழாராய்ச்சியில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தார். 1904இல் ஆங்கிலத்தில் வெளியாகி, பின்னர் 'ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழகம்' எனத் தமிழிலும் வந்த நூலில், வி. கனகசபைப் பிள்ளை கயவாகுச் சான்றை விரிவாகக் கையாண்டார். விழாக் களத்தில் கயவாகு இருந்தான் என்பது காப்பியம் சொல்வது. அவன் மகாவம்சம் கூறும் முதலாம் கஜபாகுவே என்பது ஆய்வாளர் சொல்வது. ஆகவே செங்குட்டுவனும் கஜபாகுவும் ஒரு காலத்தவர் என்பது இரண்டையும் கூட்டிப் பெற்ற முடிவு. செங்குட்டுவனைப் பாடிய பரணரும், அவரோடு தொடர்புடைய புலவர்களும் மன்னர்களும் அந்த நூற்றாண்டை ஒட்டியவர்கள் என்பது அதற்கும் அப்பால் நீட்டியது. மேற்கோள் தாங்குவது முதற்படியை மட்டுமே. காதையின் பெயரையும் அடி எண்ணையும் குறித்துவிட்டால் மற்றப் படிகளும் நிலைநாட்டப்பட்டதாகத் தோன்றுவது இவ்வகைக் கட்டுரைகளில் ஓயாத மயக்கம்.

இரண்டாம் படிக்குக் காரணம் உண்டு. இலங்கையை ஆண்ட மற்றொரு கஜபாகு 12ஆம் நூற்றாண்டினன். அவனைக் கொள்ளக் காப்பியத்தின் காலம் இடம் தராது. ஆனால் முதலாம் கஜபாகு சேரநாடு சென்றதையோ பத்தினியை வழிபட்டதையோ மகாவம்சம் கூறவில்லை. பௌத்தத் துறவியர் எழுதிய வரலாறு அயல்நாட்டுத் தெய்வத்தைக் குறிக்காமல் விட்டது வியப்பன்று. எனவே அந்த மௌனம் மறுப்புச் சான்றும் ஆகாது. கஜபாகு பத்தினியின் சிலம்பைக் கொண்டுவந்ததாக இராஜாவலிய கூறுவதைத் துணைக்கு அழைப்பதுண்டு. அது பல நூற்றாண்டுகள் பிந்திய சிங்கள நூல். பத்தினிக் கதை இலங்கையில் வேரூன்றிய பின் எழுந்தது. ஆதலால் அதைத் தனிச் சாட்சியாக எண்ண முடியாது. கஜபாகு கதைகளை வரலாறாக அன்றித் தொன்மமாகவே கொள்ள வேண்டும் என்று மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர வாதிட்டார்.

சான்று நூலின் எப்பகுதியில் உள்ளது என்பதும் கேட்கப்பட வேண்டியது. கயவாகு இடம்பெறும் மற்றோர் இடமான உரைபெறு கட்டுரையைப் பிற்சேர்க்கை எனக் கருதுவோர் உண்டு. வரந்தரு காதை அமைந்த வஞ்சிக் காண்டத்துக்கு அடியார்க்கு நல்லார் உரையும் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தில் செங்குட்டுவனைப் பரணர் பாடிய 5ஆம் பத்திலோ பத்தினிக்குக் கல் எடுத்த செய்தி பதிகத்தில்தான் உண்டு, பாடல்களில் இல்லை. பதிகங்கள் பாடல்களுக்குப் பிந்தியவை. பரணர் சொன்னார் என்று எழுதுவதும் பதிகம் சொல்கிறது என்று எழுதுவதும் ஒன்றல்ல.

அதே சிலப்பதிகாரத்தின் வேறொரு செய்தி வேறிடத்துக்கு இட்டுச்சென்றது. மதுரை எரியும் நாளாகக் கட்டுரை காதை ஆடித் திங்கள், தேய்பிறை அட்டமி, கார்த்திகை, வெள்ளிக்கிழமை ஆகியவற்றைக் குறிக்கிறது. காப்பியத்தின் இத்தகைய நாட்குறிப்புகளைக் கணித்த எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 756 என்ற ஆண்டை எட்டினார். ஒரே காப்பியத்தின் இரு சான்றுகளுக்கிடையே ஏறத்தாழ ஆறு நூற்றாண்டு இடைவெளி! நாட்குறிப்பு புலவர் புனைந்ததாகவும் இருக்கலாம். அரசன் பெயரும் அப்படியே. ஒன்றைப் புனைவென்று தள்ளி மற்றொன்றை வரலாறென்று கொள்பவர், அதற்கான அளவுகோலையும் சொல்லியாக வேண்டும்.

காப்பியத்துக்கு வெளியேயும் ஒரு சான்று உண்டு. கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சமணத் துறவிக்குப் படுக்கை அமைத்ததைக் கூறும்போது, ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ எனச் சேரர் மூன்று தலைமுறையைத் தருகிறது. இவர்களைப் பதிற்றுப்பத்தின் பிற்பகுதித் தலைவர்களோடு இணைத்த ஐராவதம் மகாதேவன் ஆய்வு, சேரர் காலத்துக்குக் காப்பியத்தைச் சாராத பிடிமானம் தந்தது. எழுத்தமைதியால் இதன் காலம் கி.பி. 2 அல்லது 3ஆம் நூற்றாண்டு. செங்குட்டுவன் இக்கல்வெட்டில் இல்லை, கயவாகுவும் இல்லை. ஆயினும் பழைய கணிப்பு பெரிதும் தவறவில்லை என்று காட்டுவது இந்தக் கல்லே; காப்பிய அடி இன்று அதற்குத் துணைச் சாட்சியாக நிற்கிறது.